ராணி காய்ச்சிய பால்

இராணுவம் முகாமை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள வீட்டை விட்டுப் போய்விட்டது என்ற செய்தி வந்த நாளிலிருந்து அலெக்சிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெளிநாட்டில், ரூ பிலிப்-து-ஜிரார் என்னும் தெருவில் ஓர் அறை, உணவகத்தில் காய்கறி வெட்டும் வேலை, கல்யாணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருக்கும் தங்கை அற்புதராணியோடு தொலைபேசியில் பேசுவதுதான் மனிதர் மனம்விட்டுப் பேசும் நேரம். பென்ஷன் எடுத்துக்கொண்டு அந்த வீட்டில் போய் இருக்கவேண்டும், அவள் கையால் சாப்பிடவேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

அதற்காகத்தான் தன்னைப்போல் புலம்பெயர்ந்த ஊர்க்காரரின் சங்கத்துக்குத் தலைவரானார். மன்னார்க் கரையோரத்துச் சின்னப் பட்டணம் அது. நட்டநடுவில், அவருடைய வீட்டையும் சேர்த்து வளைத்துக்கொண்டு இராணுவ முகாம். அதை எடுக்கச் சொல்லி மழையில் பதாகை பிடித்தார், கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார். ஊரில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்போம் என்று மட்டும் சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்காகத்தானே செய்கிறோம், பிறகு ஊரை எதற்குக் கேட்பது? ராணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. "கடை எப்பிடி?" என்பார். "போகுது அண்ணை" என்பாள். அங்கே யார் சாப்பிடுகிறார்கள் என்று அவர் கேட்டதில்லை.

பால் காய்ச்சும் நாளும் வந்தது. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து சங்கத்தார் எல்லாரும் ரூ லூயி-பிளாங்கில் ஓர் உணவகத்தில் கூடினார்கள். தொலைபேசியில் வீடியோவைப் போட்டுத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்தார்கள். அங்கே, பங்குச் சுவாமியார் ஆசீர்வதித்துவிட்டுப் போன வெறும் வீட்டில், மூன்று கல் வைத்து ராணி ஒருத்தியாக அடுப்பூதிக்கொண்டிருந்தாள். பால் பொங்கியது. இங்கே கை தட்டினார்கள், கேசரி பரிமாறினார்கள். அலெக்சிஸ் வெட்கப்படாமல் அழுதார்.

"அக்கம்பக்கத்துக்கும் குடு, ராணி."

"ஆருக்கு அண்ணை?"

அவள் தொலைபேசியைத் தெருவுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். சைக்கிள் கடை பூட்டு, சலூன் பூட்டு. கடைசியாக அவளுடைய கடையும் பூட்டு.

"ஆமிக்காரர்தான் என்ரை கடையிலை சாப்பிட்டவங்கள். இந்தக் கடையளுக்கும் அவங்கள்தான் வந்தவங்கள். வேறை சனம் எங்கை இருக்கு?"

செயலாளர் அம்புறோஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப முகாம் இருந்திருக்கோணும் எண்டுறியளோ, தங்கச்சி?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. எங்கடை வீட்டுக்கை அவங்கள் இருந்ததைப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சவள் நான். அப்ப ஒரு பயம். இப்ப பொழுதுபட்டால் தெருவிலை மனிசரில்லை, வெள்ளனவே கதவைப் பூட்டுறன். இது வேறை பயம். என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அலெக்சிஸ் தொலைபேசியருகே குனிந்தார். "நான் வாறன் ராணி. பென்ஷன் வந்த கையோடை வாறன்."

"வாங்கோ அண்ணை. ஆனா நான் இருக்கமாட்டன். கடையும் இல்லாமல் இஞ்சை இருந்து என்ன செய்ய? கொழும்பிலை மகளிட்டைப் போறன்."

கேசரித் தட்டுகள் அப்படியே இருந்தன. அங்கே பால் ஆறி ஆடை படிந்திருக்கும் என்று அவர் நினைத்தார்.

"வாற கிழமை பஸ் ஏறுறன்," என்றாள் ராணி. கோபம் அவள் குரலில் இல்லை. கையில் வீட்டுச் சாவி. "வீட்டுத் திறப்பை ஆரிட்டைக் குடுத்திட்டுப் போக?"

அலெக்சிஸ் ஊரில் நம்பிக்கையான ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த மேசையைச் சுற்றித்தான் இருந்தார்கள்.