முன்னறைக்கு வந்த கட்டில்

அன்று எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, தம்பி மனைவி, அவளுடைய அண்ணன், அந்த அண்ணனின் மனைவி. பிறகு வாய்க்கு வந்தபடி கதை கட்டியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

தம்பிக்கு வெல்டிங் பட்டறை. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை முடிந்ததும் கட்டிலை முன்னறைக்கு நகர்த்திக்கொண்டான். உடம்பில் கதிர் இருக்கிறது, பக்கத்தில் வராதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். அவளும் மாதக்கணக்கில் நம்பினாள். பிறகு மருந்து வாங்கப் போன இடத்தில் நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடம்பில் தங்காது, முதல் நாளே பக்கத்தில் படுத்திருக்கலாமே என்று நர்ஸ் சிரித்தாளாம்.

அவ்வளவுதான். தங்கையை அழைத்துப்போக அண்ணன் காலிப் பெட்டியோடு வந்துவிட்டார். என் வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தம்பிக்கு வேறு தொடுப்பு இருக்கிறது என்றார். எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாரும் சொல்லாத சொல். எழுந்து வாசலைக் காட்டினேன்.

"உங்க தம்பிக்கு வாய் இல்லையா? எல்லாத்துக்கும் நீங்கதான் வக்கீலா?" என்றார்.

"இருங்கண்ணா" என்று என்னை அமர்த்தினான் தம்பி. மனைவியைப் பார்த்துத்தான் பேசினான். "யாரும் இல்ல. என்னால முடியல, அவ்ளோதான். வெல்டு வெச்சா அந்த இடம் மட்டுமா சுடும்? பக்கத்துத் தகடும் கருகுமில்ல? அப்படித்தான். நல்ல நரம்பும் சேந்து போச்சு. உங்கிட்ட சொல்லக் கூசுச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. சிறுநீர் எரியும், பேதி போகும் என்றெல்லாம் சொன்ன டாக்டர் இதை மட்டும் ஏன் விழுங்கினார்? பிறகு தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, அம்பது தாண்டியாச்சு, இனிமே எதுக்குங்க என்றாராம். அதைத் தீர்மானிக்க அவர் யார்? கதிர் பட்டால் பக்கத்திலுள்ள நல்ல செல்லும் அடிபடும், இதற்கும் வைத்தியம் உண்டு என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கண்டவர் வந்து என் வீட்டில் பஞ்சாயத்து வைத்திருப்பார்களா?

தம்பி மனைவி எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "இதுக்காகவா என்னைத் தள்ளி வெச்சீங்க?" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். "பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பு. நாளைக்கு வேற டாக்டரைப் பாக்கப் போறோம். நானும் உள்ள வருவேன்."

அவள் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். போகவில்லை. அன்று இடம் மாறி உள்ளறைக்குத் திரும்பியது கட்டில் மட்டும்தான். ஒரு முனையை நான் பிடித்தேன்.