சின்னக் கிண்ண விருந்து

"ஆளுக்கு ஒரு கிண்ணம் வேகவச்ச பயறு, ரெண்டு துண்டு சுட்ட கோழி, குச்சியில குத்தின காய் ஒண்ணு. போதும்ல, அத்தை?"

மருமகள் சாப்பாட்டு மேசையில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மாமனார் இந்த வாரத்தோடு ஓய்வு பெறுகிறார். பணிமனையிலிருந்து நாற்பது பேர் விருந்துக்கு வருகிறார்கள். மாமியார் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாதிரிக்கு வைத்திருந்த கிண்ணத்தை மாமனார் தூக்கிப் பார்த்தார். "இது கிண்ணமா, மருந்து பாட்டில் மூடியா? ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு இது அகப்படவே அகப்படாது."

"அளவு சின்னதா இருந்தாத்தான் எல்லாத்தையும் ருசி பாக்கலாம், மாமா. உங்களுக்கு மட்டும் பத்தியம் வச்சா நல்லாவா இருக்கும்? எல்லாருக்கும் இதேதான்."

"சரிம்மா. கேக்கு?"

"பழம் வெட்டிக்கலாம்."

"பழம் வெட்டுறதுக்கா நாப்பது பேர் கை தட்டுவாங்க?" என்று சிரித்தவர், சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டார். "சரி, பட்டியல்லேர்ந்து கேக்கை அடிச்சிடு."



அந்த வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் வாசித்துச் சொல்வது மாமியார்தான். மூன்று வாரத்துக்கு முன் இருவரின் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் ஒன்றாக வந்தன. 'இனிப்பைக் கண்டா விடமாட்டீங்க, ஒருநாள் படுக்கையில தள்ளப்போகுது' என்று முப்பது வருடம் அவரைக் கரித்துக்கொட்டிய வாய் அது. தன் தாளில் சர்க்கரை இருநூற்று அறுபது என்று கண்டதும் தானாகப் புரண்டுவிட்டது. "உங்களுக்குத்தாங்க சர்க்கரை. எனக்கு ஒண்ணுமில்ல. இப்போதைக்கு வாயைக் கட்டினாப் போதும்" என்று வாசித்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் ஓடிவிட்டது.

அவரோ அன்றைக்கே டீக்குச் சர்க்கரையை நிறுத்தினார். விடிந்ததும் நடக்கப் போனார். முகச்சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தில் புண் எதுவும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"உங்க அத்தை பேச்சை அப்பவே கேட்டிருக்கணும்மா" என்றார் இப்போது மருமகளிடம். "பாவம், என்னால அவளுக்குத்தான் சங்கடம். முகத்தைப் பாரு, எப்படி வாடிப்போச்சு."

அதற்குமேல் மாமியாரால் தாங்க முடியவில்லை.

"கேக்கை அடிக்காத" என்றாள்.

"ஏன், அத்தை?"

"சர்க்கரை அவருக்கில்ல. எனக்கு."

மருமகளின் பேனா காகிதத்திலேயே நின்றுவிட்டது. மாமனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு?"

"இருநூத்தி அறுபது. என் தாளை உங்களுதுன்னு வாசிச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"மாத்திரை?"

"டாக்டர்கிட்டயே போகல. போனா உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு..."

மாமியார் அவர் பக்கம் திரும்பினாள்.

"திட்டுங்களேன்" என்றாள். திட்டினால் பாரம் கொஞ்சம் இறங்கும் போலிருந்தது.

"இருக்கிற திட்டையெல்லாம் முப்பது வருஷமா நீயே செலவு பண்ணிட்ட. எனக்கெங்க மிச்சம்?" என்றார். மருமகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். "காலு போயிடுமோன்னு பயந்து பயந்து நடந்தேன்டி. அது கூடப் பரவால்ல. மூணு வாரம் நான் நடந்த நடை உன் உடம்புல சேராதே."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

"கிளினிக் எத்தனை மணி வரைக்கும்மா?"

"ஆறு வரைக்கும், மாமா."

"பட்டியல் அப்படியே இருக்கட்டும். இப்பதான் சரியான ஆளுக்குச் சமைக்கப்போற" என்று எழுந்தார்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, தாறுமாறாகக் கிடந்த அவள் செருப்பை வாசல் பார்க்கத் திருப்பிப் போட்டார்.