அம்மா நேர்ந்த கால்கள்

எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. கால்பந்தில் விங்கர் என்றால் ஓடுகிறவன் என்று பார்க்கிற சனம் நினைக்கும். அது சுத்தப் பொய். விங்கர் என்றால் காத்து நிற்கிறவன். நடுவில் பத்துப் பேர் பந்தை வைத்து அடிபட்டுக்கொண்டிருப்பார்கள், நான் கோட்டோரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு கத்துவேன். எப்போதாவது ஒருதரம் பந்து வரும். வந்த பந்தை விட்டால் எல்லோரும் என்னைத்தான் ஏசுவார்கள்.

கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூட அணியில் ஆடிக்கொண்டிருந்த என்னைப் பதினெட்டு வயதில் ஒரு கழகம் எடுத்தது. இரண்டாவது பருவத்தில் பேப்பரில் படம் வந்தது. அம்மா அதை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அந்தோனியார் படத்துக்குக் கீழே மாட்டினாள். அதற்கடுத்த பருவத்தில் முழங்கால் போனது. எவனும் என்னைத் தொடவில்லை. நானாகத் திரும்பினேன், உள்ளே ஏதோ பட்டென்று அறுந்தது. சத்திரசிகிச்சை, கட்டு, ஊன்றுகோல், பிறகு மாதக்கணக்கில் ரப்பர் பட்டியை இழுத்துக்கொண்டு கிடந்தேன். அந்த மாதங்களில் நாங்கள் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை அனெக்ஸின் சின்ன ஹோலில் நான் நடந்த நடையில் சீமெந்துத் தரை தேயாததுதான் அதிசயம்.

இப்போது முழங்கால் சரி. எனக்கு வயது இருபத்துமூன்று. என் இடத்தில் கழகம் ஒரு பத்தொன்பது வயதுக்காரனைப் போட்டுவிட்டது, அவன் நன்றாகவே ஆடுகிறான், நாசமாய்ப் போக. எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. வியாழக்கிழமை மாலைதீவுக் கழகமொன்றின் பயிற்சியாளர் கொழும்புக்கு வந்து ஒரு ஆட்டம் வைத்துப் பார்க்கப்போகிறார். அவருக்கு ஒரு வலப்பக்க விங்கர் வேண்டும். அன்றைக்கு நான் ஓடினால் ஓடினேன். இல்லாவிட்டால் ஏதாவது கடையில் சாமான் அடுக்கப் போகவேண்டியதுதான்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அம்மா, சேலைகூட மாற்றாமல் என் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மகன், செவ்வாய்க்கிழமை பிரக்டிஸுக்குப் போகாதே. ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"நேர்த்தி ஒண்டு. உன்னை ஒப்பரேஷனுக்குள்ள கொண்டுபோன நேரம் வெச்சனான். பிள்ளைட முழங்காலைச் சரியாக்கித் தாரும், அவன் திரும்பி மெச் விளையாட முந்தி வீட்டு வாசல்ல இருந்து கொச்சிக்கடைக் கோயிலுக்கு வெறுங்காலோட நடந்து வருவான் எண்டு அந்தோனியாருக்குச் சொன்னனான்."

"ஆர் நடப்பான்?"

"நீதான்."

எனக்கு உச்சிக்கு ஏறியது. வெள்ளவத்தையிலிருந்து கொச்சிக்கடைக்கு, காலி வீதித் தாரில், வெறுங்காலோடு, ஆட்டத்துக்கு இரண்டு நாள் முந்தி! விங்கருக்குக் காலில் ஒரு கொப்புளம் வந்தாலே அவன் பாதி விங்கர். வாய் அம்மாவுடையது, கால் என்னுடையது. அந்தக் காலை என்னைக் கேட்காமல் எப்படி நேர்ந்துவிடலாம்?

"வெள்ளிக்கிழமை நடக்கிறன் அம்மா. நடக்கிறது என்ன, உருண்டே போறன். வியாழன் முடியட்டும்."

"விளையாட முந்தி எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன சொல்லை மாத்த ஏலாது."

"நீங்கதானே சொன்னது? நானா சொன்னனான்?"

"நீ மயக்கத்தில கிடந்தாய். உனக்காக வேற ஆர் கதைக்கிறது?"

நான் பங்குச் சாமியாருக்கு ஃபோன் எடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, ஒருவர் மற்றவருக்காக நேர்ந்தது அந்த மற்றவரைக் கட்டாது, அம்மாவை வேண்டுமானால் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்லச் சொல்லும் என்றார். பெரிய வெற்றியோடு அதை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"அந்த ஃபாதர் போன மாசம் வந்தவர்," என்றாள் அம்மா. "எனக்கு அந்தோனியாரை நாப்பது வருசமாத் தெரியும்."

இந்த மனுசியோடு என்ன செய்வது, சொல்லுங்கள். அம்மா, மாக்ரெட் என்று பெயர், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். செவ்வாய்க்கிழமை என்றால் அவளுக்குக் கொச்சிக்கடைதான். வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் பஸ் பிடித்துப் போய்விட்டுத்தான் வருவாள். திங்கட்கிழமை முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் டங்கென்று வைத்தாள். நானும் கதைக்கவில்லை. அக்கா சாமினி இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து, "உங்க ரெண்டு பேருக்கும் விசர்," என்று சொல்லிவிட்டுத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிய நான் கிருலப்பனைப் பக்கம் மைதானத்துக்குப் போய்விட்டேன். ஸைத் வந்திருந்தான். நடுவில் ஆடுகிறவன், எனக்குப் பந்து போடத் தெரிந்த ஒரே ஆள். நான் ஓடத் தொடங்க முதலே பந்து அங்கே போய்க் கிடக்கும். அன்று அவன் போட்ட பந்து ஒன்றையாவது நான் ஒழுங்காக எடுக்கவில்லை. கண்டபாட்டுக்குக் கத்தினேன்.

"நேத்தி வெச்சது உங்கட உம்மா. நீ ஏன் மச்சான் என்னோட சூடாகிற?" என்றான் அவன்.

வெயில் ஏறிய பிறகு தண்ணீர் குடிக்கப் போனபோது ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. சாமினி.

"டேய், அம்மா வீட்டில இல்லை. செருப்பு ரெண்டும் வாசல்ல கிடக்கு."

அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வருசக்கணக்காக இருக்கிறது. வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் விடுவார்கள். போன வருசம் காலில் ஏறிய ஊசி ஒன்றை இரண்டு நாள் கழித்து அக்காதான் கண்டுபிடித்தாள்.

பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுச் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு வீதிக்கு ஓடினேன். ஒரு த்ரீவீலை மறித்து ஏறி, காலி வீதியால் கோட்டைப் பக்கம் விடச் சொன்னேன். பம்பலப்பிட்டி முழுக்கத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன். பஸ், கார், குடை பிடித்த மனுசர், ஒன்றிலும் அவள் இல்லை. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மல்லி, காவத ஹொயன்னே?" என்றான், யாரைத் தேடுகிறாய் தம்பி என்று. "அம்மா," என்றேன். அதற்குப் பிறகு அவனும் தேடத் தொடங்கினான். அவன்தான் முதலில் கண்டான்.

கொள்ளுப்பிட்டி தாண்டி நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அம்மா தார் வீதியோரமாகப் போய்க்கொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, கையில் செபமாலையோடு, என்ன வேகம்! பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நான் குதித்து ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"அம்மா! ஏறுங்க வண்டியில!"

அவள் முகத்தில் ஒரே சந்தோசம். இரண்டு நாள் கோபத்தில் ஒரு பொட்டும் இல்லை.

"நீ ஏன் வந்தனீ? எல்லாம் சரியாக்கிப் போட்டன். உன்ர காலுக்குப் பதிலா என்ர காலை எடுத்துக்கொள்ளும் எண்டு கேட்டன். அவர் ஓம் எண்டிட்டார்."

"அவர் எப்ப சொன்னவர்?"

"சுடவே இல்லை மகன்! இந்த வெயிலுக்க, இந்தத் தாரில, ஒரு துளி சுடயில்லை. பஞ்சில நடக்கிற மாதிரிக் கிடக்கு. இதைவிட வேற என்ன சொல்லவேணும்?"

நான் குனிந்து உள்ளங்கையைத் தாரில் வைத்தேன். அடுத்த நொடி இழுத்துக்கொண்டேன். பிறகு அவளுடைய காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குக் காட்டுவதுபோலக் காட்டினாள். குதிக்காலில் கொப்புளம் எழும்பி, உடைந்து, தோல் தொங்கியது. பெருவிரலுக்குக் கீழே மண்ணும் குறுணிக்கல்லும் சதையில் ஒட்டியிருந்தன.

என் வாயை நான் அடக்கியிருக்கலாம். அடக்க முடியவில்லை. பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும்.

"அது அந்தோனியார் இல்லை அம்மா! சீனி! உங்கட காலுக்கு உணர்வு இல்லை! கால் வெந்து கிடக்கு, உங்களுக்குத் தெரியயில்லை, அவ்வளவுதான்!"

வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தோண்டிப் போட்டிருந்த கற்குவியலில் மெல்ல உட்கார்ந்தாள். தன் காலைத் தானே மடக்கித் தூக்கிப் பார்த்தாள். தொங்கிய தோலை விரலால் தொட்டாள், அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். அந்தச் சந்தோசம் முகத்திலிருந்து இறங்கிப் போனதை நான் நின்று பார்த்தேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

"அப்ப அவர் ஒண்டும் சொல்லயில்லையா?" என்றாள்.

நான் குனிந்து அவளுடைய பெருவிரலுக்குக் கீழே ஒட்டியிருந்த கல்லைத் தட்டினேன்.

"அப்ப உன்ர முழங்கால்?"

இதுதான் அம்மா. கால் வெந்துபோய் உட்கார்ந்துகொண்டு என் முழங்காலுக்குப் பயப்படுகிறாள்.

"முழங்காலுக்கு ஒண்டுமில்லை. டொக்டர் தைச்சது. வாங்க, ஹொஸ்பிட்டலுக்குப் போவம்."

"மாட்டன். பாதி வழியில விட்டா இருந்ததும் இல்லாமப் போயிடும். வியாழக்கிழமை நீ ஓடுற நேரம் திரும்ப அறுந்தா நான் என்ன செய்யிறது?" அவள் எழும்பி நின்றாள். "ஊர்ந்தெண்டாலும் போவன்."

இழுத்தேன், வரவில்லை. த்ரீவீல்காரன் இறங்கி வந்து "அம்மே, நகின்ன" என்று ஏறச் சொல்லிக் கெஞ்சினான், அவனையும் தள்ளிவிட்டாள். தாரில் இரண்டு எட்டு வைத்தாள். பின்னால் ஈரமாக ஒரு அடையாளம் விழுந்தது. அந்தக் காலை இன்னும் ஒரு எட்டு வைக்கவிட்டால் அந்தக் காலே மிஞ்சாது என்று எனக்கு விளங்கியது. அவளை வண்டியில் ஏற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதுவும் எனக்கு விளங்கியது. சீ, என்ன வாழ்க்கை இது என்று வாய்விட்டே சொன்னேன்.

சப்பாத்தைக் கழற்றினேன். சொக்ஸையும் கழற்றினேன். இரண்டையும் த்ரீவீலுக்குள் எறிந்தேன்.

"நான் நடக்கிறன். நீங்க நடந்தது போக மிச்சத்தை நான் நடக்கிறன். இப்ப ஏறுங்க."

"மகன், வியாழக்கிழமை..."

"ஏறுங்க எண்டு சொன்னனான்!"

ஏறினாள். பொரளைப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிவிட்டு, சாமினியை அங்கே வரச் சொல்லி ஃபோனில் கத்தினேன். வண்டி திரும்பும்வரை அவள் பின்பக்கத் துவாரத்தால் என் காலையே பார்த்துக்கொண்டு போனாள்.

நடந்தேன். நடந்தேன் என்பது பொய், துள்ளினேன். காலிமுகத்திடலில் நிழல் என்று ஒன்றில்லை. கடல் பக்கத்தில்தான் கிடக்கிறது, அந்தக் காற்றால் காலுக்கு ஒரு பிரயோசனமுமில்லை. வெள்ளைக் கோட்டில் கால் வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை என்று கண்டுபிடித்தேன். வாழ்க்கை முழுக்கக் கோட்டோரத்தில் ஓடியவனுக்கு அதுவாவது தெரிந்திருக்கிறதே. அந்தோனியாரை ஏசிக்கொண்டு போனேன். கோட்டை வந்தபோது ஏசுவதை விட்டு, அம்மாவின் காலைப் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டேன். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் வண்டில்களை இழுத்துக்கொண்டு என்னை விலத்திப் போனார்கள். செட்டியார் தெருவில் என் வலதுகால் கொப்புளம் உடைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு எட்டும் எனக்குத் தெரிந்தது.

கொச்சிக்கடைக் கோயில் படியில் நான் உட்கார்ந்திருந்தபோது ஸைத் மோட்டார்பைக்கில் வந்தான். சாமினி சொல்லியிருக்கிறாள். போத்தல் தண்ணீரை என் காலில் ஊற்றினான். இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தான்.

"இதோட எப்பிடி மச்சான் பூட்ஸ் போடுற? வியாழக்கிழமைக்கு இன்னம் ரெண்டு நாள்தானே ஈக்குது."

"தெரியும்."

அப்போது ஃபோன் அடித்தது. சாமினியின் நம்பர், ஆனால் அம்மாவின் குரல். வார்டில் சேர்த்துவிட்டார்களாம். புண்ணைக் கழுவிக் கட்டியிருக்கிறார்களாம். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர் சொன்னாராம்.

"கோயிலுக்குப் போயிட்டியா?"

"ஓம் அம்மா. படியில இருக்கிறன்."

அம்மா இவ்வளவு பயந்து ஒன்றைக் கேட்டு நான் கேட்டதில்லை.

"மகன், உனக்குச் சுட்டதா?"

ஸைத் என் காலைத் துவாயால் சுற்றிக்கொண்டிருந்தான். துவாய் பட்டதும் பல்லைக் கடித்தேன்.

"இல்லை அம்மா. ஒரு துளி சுடயில்லை."

"உண்மையாவா?"

"பஞ்சில நடந்த மாதிரி."

"பாத்தியா! நான் சொன்னனான்தானே!" அம்மா அழுதாள். அழுதுகொண்டே பக்கத்துக் கட்டில்காரிக்கும் சொன்னாள். "அப்ப வியாழக்கிழமை நல்லா ஓடுவாய்."

"ஓம் அம்மா, ஓடுவன்," என்றேன். ஸைத் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து மற்றக் காலைச் சுற்றத் தொடங்கினான்.