முடிச்சுப்போட்டு வாறன்

கோணேஸ்வரி டெலிபோனைக் காதோடு இடுக்கிக்கொண்டு சமையலறைக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். ஹோலில் சித்தப்பா செல்வரட்ணம் யாருக்கோ அப்பாவின் வயதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு வயது சொன்னார்.

அப்பா தம்பிமுத்து செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். இன்னும் பியூனரல் ஹோமின் குளிரறையில் கிடக்கிறார். கொள்ளி வைக்க ஒரே மகன் பிரதாபன். அவன் ஆர்க்டிக்கில் ஒரு தீவில், ஆராய்ச்சி நிலையத்தில் மெக்கானிக். ஆராய்ச்சிக்காரர்கள் கோடையில் போய்ப் பனியைத் தோண்டி அளந்துவிட்டு ஓகஸ்ட் முடியும் முன் திரும்பிவிடுவார்கள். நிலையத்தைக் குளிர்காலத்துக்கு அடைத்துப் பூட்டிவிட்டு வருவது அவன் வேலை.

இதை வந்தவர் போனவருக்கு விளங்கப்படுத்தியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரெக்ஸ்டேலிலிருந்து வந்த அன்ரி ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் பிள்ளை, அகதிக் கேஸை றிஜெக்ட் பண்ணி அங்க அனுப்பினவங்களோ?" என்றாள்.

அங்கே டெலிபோன் இல்லை. வடக்கே அந்த முகாம்களைக் கவனிக்கும் தளத்துக்கு டெலிபோன் எடுத்தால் ஒரு வெள்ளைக்காரி ரேடியோவில் தொடுத்துவிடுவாள். ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்ற பிறகுதான் மற்றவர் பேசலாம். அவர்கள் பேசும் தமிழில் வெள்ளைக்காரிக்கு விளங்குவது அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்டதும் சுவிச்சை மாற்றுவாள். பனிக்குள் இருக்கும் மற்ற முகாம்கள் எல்லாவற்றுக்கும் பேச்சுக் கேட்கும். முதல் நாள் கோணேஸ்வரிக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அது விட்டுப்போயிற்று.

"அண்ணா, பிளேன் வந்ததோ? ஓவர்."

இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. பனிப்புகார் விலகவில்லை, பிளேன் இறங்காது என்றான். பிறகு, கேட்காமலே, மேலதிகாரிக்கு ஒப்புவிப்பதுபோல வேலை விபரம் சொன்னான். ஜெனரேட்டரை நிப்பாட்டியாயிற்று. கரடி உடைக்காமல் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாகிறது. தச்சன் சீமோனும் அவனும் மட்டும் மிச்சம். குசினியில் தண்ணீர் இல்லை, பிஸ்கட்டும் ரின் மீனும்தான் சாப்பாடு.

"அதெல்லாம் நான் கேக்கேல்ல. போன கிழமை வந்த பிளேனில மற்ற எல்லாரும் ஏறினவை. அப்பா சீரியஸ் எண்டு சொன்னனான். நீ ஏன் ஏறேல்ல? ஓவர்."

"அப்ப குழாய்க்குள்ள தண்ணி நிண்டது, கோணேஸ். வடிக்காமல் விட்டா உறைஞ்சு வெடிச்சுப்போகும். உந்த லைன் எனக்குத்தான் தெரியும். வேலையை முடிச்சுப்போட்டு வருவம் எண்டு..."

ஓவர் சொல்ல மறந்துவிட்டான்.

முடிச்சுப்போட்டு வாறன். அவள் கலியாணத்தன்றும் இதைத்தான் சொன்னான். யாரோ ஒருவருடைய காரைத் திருத்தி முடித்துவிட்டு, தாலி கட்டி ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், கையில் கிறீசோடு வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் அப்பா ஒவ்வொரு பின்னேரமும், "முடிச்சிட்டானாமோ?" என்று கேட்டார். இன்னும் இல்லையாம் என்று அவள்தான் சொல்லவேண்டியிருந்தது.

பியூனரல் ஹோம்காரர் நாளைக்கு ஒரு நேரம் தந்திருந்தார்கள். அதை விட்டால் இன்னொரு கிழமை போகும். மகன் வராமல் பிரேதத்தை எடுக்கக்கூடாது என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். இந்த ஊரில் விறகும் இல்லை, கொள்ளியும் இல்லை. சுவரில் ஒரு பட்டன், அதை மகன் அமத்தவேண்டும், அவ்வளவுதான். அதற்கும் ஆள் இல்லை.

"அப்பாவை இன்னும் எத்தினை நாளைக்கு ஐஸில வைச்சிருக்கிறது? நீயே சொல்லு. ஓவர்."



"வைக்காத. நாளைக்கு எடுங்கோ. நீ பட்டனை அமத்து. ஓவர்."

"சித்தப்பா விடமாட்டார். பொம்பிளையள் சுடலைக்கு வாறதே பிழை எண்டு நிக்கிறார். ஓவர்."

"நான் சொன்னதெண்டு சொல்லு. அப்பாவோட நிண்டது நீதானே. ஓவர்."

ஒழுங்காக ஓவர் சொன்னான். ஆனால் சுவிச் மாறவில்லை. காற்றுச் சத்தம் கேட்டது. தூரத்தில் பலகைக்கு ஆணி அறையும் சத்தம். "அண்ணா," என்றாள் கோணேஸ்வரி. இன்னொரு தரமும் கூப்பிட்டாள்.

வெள்ளைக்காரி குறுக்கே வந்தாள். அவர் பேசும் பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை, அவர் எடுக்கும்வரை நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது, மற்ற முகாம்களும் பேசமுடியாது என்றாள்.

கோணேஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வந்தது. இதையாவது நேரத்துக்கு முடிக்கத் தெரியாதா இவனுக்கு? டெலிபோனை வைத்துவிட நினைத்தாள். வைக்கவில்லை. ஆணி அறையும் சத்தம் நின்றது. யாரோ தணிந்த குரலில் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். சீமோனாக இருக்கும். காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

கடைசியில் டிக் என்றது. இன்னும் பேசவேண்டுமா, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று வெள்ளைக்காரி கேட்டாள். வேண்டாம் என்றாள்.

மறுநாள் எரிக்கும் இடத்தில் சித்தப்பா வேட்டியோடு பட்டனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"தள்ளி நில்லு பிள்ளை. நான் அமத்திறன்."

"அண்ணா என்னைத்தான் அமத்தச் சொன்னவர்."

"அவன் சொன்னதை ஆர் கேட்டது?"

"ஆர்க்டிக் முழுக்கக் கேட்டது, சித்தப்பா."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சித்தப்பா அவளை ஒருதரம் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒதுங்கினார்.

பெட்டி உள்ளே போனது. இரும்புக் கதவு இறங்கியது. பியூனரல் ஹோமின் கறுப்புக் கோட்டுக்காரன் பச்சைப் பட்டனைக் காட்டினான். அவள் பெருவிரலை வைத்து அமத்தினாள். சுவருக்கு அப்பால் காற்றுப்போல ஒரு இரைச்சல் தொடங்கியது.

ஒருதரம் அமத்தினால் போதும், கையை எடுக்கலாம் என்றான் கோட்டுக்காரன். அவளுக்குக் கேட்கவில்லையோ என்று திரும்பவும் சொன்னான்.

"கையை எடு பிள்ளை," என்றார் சித்தப்பா.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த குடும்பம் பூக்களோடு காத்து நின்றது. கோணேஸ்வரியின் பெருவிரல் பட்டனிலேயே இருந்தது.