வலிக்காத கை

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் தாளில் எழுதி ஒட்டினால்தான் நிம்மதி. மாத்திரைக்கு ஒரு தாள், குப்பை கொட்ட ஒரு தாள். மகள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இப்போது புதிதாக ஒன்று ஏறியிருந்தது. கட்டம் கட்டமாக, நாளுக்கு நான்கு கட்டம். திருகினால் டிக் அடிக்க வேண்டும்.

"காலுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குறாங்களாம்" என்று கிழவர் முணுமுணுத்தார்.

அவர் நாற்பது வருடம் கடைசல் பட்டறையில் நின்றவர். அங்கே அவருக்கு 'அரைநூல்' என்று பெயர். கடைந்த உருப்படி அளவில் அரை நூல் தப்பியிருந்தாலும் தூக்கி எறிவார். முதலாளியே கடைந்தது என்றாலும் எறிவார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. தன் கண், தன் கை, இவை இரண்டையும் தவிர வேறெதையும் நம்பிப் பழக்கமில்லை.

மகளுக்கு இடது கால் நான்கு சென்டிமீட்டர் குட்டை. ஒன்பது வயதில் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. அதன் பிறகு சரியாக வளரவில்லை. இருபத்தைந்து வருடம் ஒரு பக்கம் உயர்த்திய செருப்போடு ஓட்டிவிட்டாள். பள்ளி ஆய்வகத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை. போன வருடம் இடுப்பு மக்கர் பண்ணவும், காலை நீட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எலும்பை அறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினால், நடுவில் புது எலும்பு முளைக்குமாம்.

"முளைக்குமா? அதென்ன கீரையா?"

"நீங்க நம்பவே வேண்டாம்பா. கூட இருங்க, போதும்."

இருந்தார். ஆபரேஷன் முடிந்து வந்தபோது காலைச் சுற்றி இரண்டு வளையங்கள்; அவற்றிலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போயின. வளையங்களுக்கு நடுவே நான்கு மரைக்கம்பிகள், கம்பிக்கொரு நட்டு. நாளுக்கு நான்கு முறை ஒவ்வொரு நட்டையும் கால்வாசிச் சுற்று திருகினால், அன்றைக்கு எலும்பு ஒரு மில்லிமீட்டர் விலகும். கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரையைத் தடவிப் பார்த்தார். சுத்தமாக வெட்டியிருந்தார்கள். அதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

மருமகன் பேருந்து ஓட்டுகிறவன். காலையும் இரவும் அவன் திருகுவான். மதியமும் மாலையும் கிழவர் பொறுப்பு.

இரண்டு நாள் ஒழுங்காகத்தான் திருகினார். இரண்டாம் நாள் மாலை, மூன்றாவது நட்டில் ஸ்பேனரை அழுத்தியபோது அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் உருப்படி கீச்சிட்டால் டூலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கத்துகிற வேலையை அழுத்துகிறவன் உருப்படியையும் கெடுப்பான், டூலையும் உடைப்பான். நாற்பது வருடத்தில் இது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. இப்படித் திருகச் சொன்ன டாக்டர் பெண் எத்தனை உருப்படி கடைந்திருப்பாள்?

மறுநாள் மதியம் ஸ்பேனரை மாட்டினார், லேசாக ஆட்டிச் சத்தம் காட்டினார், எடுத்துவிட்டார். நான்கு நட்டுக்கும் அப்படியே. பிறகு போய் டிக் அடித்தார்.

மகள் இறுக்க மூடிய கண்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "முடிஞ்சுதா? வலிக்கவே இல்லையேப்பா!"

அன்றிலிருந்து மதியமும் மாலையும் அதே கூத்துதான். மருமகன் பாடுதான் திண்டாட்டம்.

"நான் தொட்டா கத்தித் தெருவையே கூட்டுறா. மாமா தொட்டா மூச்சு விட மாட்டேங்குறா. அப்படி என்ன மாமா வித்தை?"

"தொழில் தெரிஞ்ச கை, மாப்ளே. ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு வருமா?"

சொல்லும்போது அவருக்கே அது உண்மை மாதிரிதான் இருந்தது.

பதினான்காம் நாள் முடிந்ததும் மகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினாள். அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"பதினாலு மில்லிமீட்டர் இருக்கணும். எட்டுதான் இருக்கு. வேளை தவறுச்சா?"

"இல்லவே இல்ல டாக்டர். சார்ட்டைப் பாருங்க."

"சார்ட் சுத்தமா இருக்கு. எலும்புதான் சார்ட்டைப் படிக்கல" என்றாள் டாக்டர். "இந்த வேகத்துல போனா எலும்பு சீக்கிரமே ஒட்டி மூடிக்கும். மூடிடுச்சுன்னா திரும்ப அறுக்கணும். வலி தாங்காம விட்டிருந்தா சொல்லிடுங்க, திட்ட மாட்டேன்."

மகளின் முகம் சுண்டிப்போனது. "நான் எதையும் விடல டாக்டர். எங்க வீட்டுக்காரர்தான் விடியக்காலைல அரைத் தூக்கத்துல திருகுவாரு. அவர் என்ன பண்ணித் தொலைச்சாரோ..."

பழி மருமகன் பக்கம் உருண்டது. உருளட்டும் என்று கிழவர் விட்டுவிட்டார். அவன் நல்லவன், ரெண்டு வசவு வாங்கினால் தேய்ந்துவிட மாட்டான். ஆனால் அவள் மறுபடி டாக்டரிடம், "திரும்ப அறுக்கணுமா டாக்டர்?" என்று கேட்டாள். கேட்ட குரல் ஒன்பது வயதுக் குரலாக இருந்தது.

"அவன் சரியாத்தான் திருகினான்" என்றார். "நான்தான் திருகல. மதியமும் சாயங்காலமும். பன்னண்டு நாள்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்போ அந்த டிக்?"

"நான் அடிச்சதுதான்."

மகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வலிக்கலன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னேனேப்பா."

"நீ கத்தின. கத்தினா நிறுத்தணும்."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

அது டாக்டருக்குப் புரியவில்லை. கிழவருக்குப் புரிந்தது. ஒன்பது வயதில் கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்ட பத்தாம் நாள், உள்ளே குத்துகிறது என்று குழந்தை ராத்திரி பகலாக அழுதது. தகரம் வெட்டும் கத்திரியால் அவரே மாவுக்கட்டை வெட்டி எறிந்தார். அழுகை நின்றது. ஒட்டாத எலும்பு உள்ளே நகர்ந்ததும், கால் அதன் பிறகு சரியாக வளராததும் பின்னால் தெரிந்த கதை. வீட்டில் இதுவரை யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"இன்னும் முழுசா மூடல" என்றாள் டாக்டர். "எட்டு நாளைக்கு, தினம் அஞ்சு வேளை திருகுங்க. எலும்பு அசைஞ்சா தப்பிச்சோம்."

மகள் கையை நீட்டினாள். "ஸ்பேனரைக் குடுங்கப்பா."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த எட்டு நாளும் அவளே திருகினாள். கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுக் கத்திக்கொண்டு திருகினாள். ஒருநாள் கிழவர் எழுந்து கதவுவரை போய்விட்டார். வாசலில் மருமகன் குறுக்கே நின்றான்.

"உக்காருங்க மாமா."

"எப்படிக் கத்துறா, கேக்கலையா?"

"கேக்குது. நான் மட்டும் என்ன, செவிடா?"

உட்கார்ந்தார். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். சத்தம் நிற்கும்வரை இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் படத்தில் பதினெட்டு மில்லிமீட்டர்; எலும்பு அசைந்துவிட்டது. டாக்டர் சிரித்தாள். மகள் ஊன்றுகோலை நழுவவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவளும் சிரித்தாள்.

"அப்பா, வந்து பாருங்களேன்."

கிழவர் படத்துக்கு மூக்கை ஒட்டினாற்போல் நின்றார். மேலே ஒரு வெள்ளைத் துண்டு, கீழே ஒன்று. "நடுவுல வெறும் இருட்டுதானே இருக்கு?"

"அதுக்குள்ள மங்கலா தெரியுதே, அதான் புது எலும்பு" என்றாள் டாக்டர்.

"புகை மாதிரி இருக்கு."

"நாலு சென்டிமீட்டரும் விலக்கினப்புறம் இறுகிடும் பெரியவரே. ஆறேழு மாசத்துல ஊன்றுகோல் இல்லாம நிப்பாங்க."

"இது மேலயா? என் பொண்ணா?"

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். புகைதான்.

"நிக்கட்டும். நின்னப்புறம் சொல்லுங்க, அப்போ பேசிக்கலாம்."

"எங்கப்பா போறீங்க? இருங்க, சேர்ந்து போலாம்" என்று மகள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"நீ மெதுவா வா பாப்பா" என்றார், திரும்பாமல். புகையை நம்பி எலும்பை அறுத்துக்கொள்கிற ஊரையும் உலகத்தையும் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.