போயிட்டு வாங்க

கடல் கடந்து வந்து, வெப்ப நாடொன்றில் ஆறு அறைகளோடு விடுதி திறந்தவருக்கு, மூன்றாம் அறைக்காரர் கழுத்துக்கு வந்த கத்தியாக இருந்தார். மழை சத்தம் போடுகிறது என்றார். பல்லி தன்னை முறைக்கிறது என்று எழுதியே கொடுத்தார். அவர் எப்போது கிளம்புவார் என்று விடுதிக்காரர் தினமும் சாமி படத்துக்கு விளக்கேற்றி வேண்டிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. டாக்சி ஏறியவரை விடுதிக்காரரின் மனைவி கைகூப்பி வழியனுப்பினாள். வாய்ப்பழக்கத்தை அப்படியே அந்த ஊர் மொழியில் பெயர்த்து, "போயிட்டு வாங்க" என்றாள்.

"போங்கன்னு மட்டும் சொல்லித் தொலைச்சா என்னடி?" என்று பல்லைக் கடித்தார் விடுதிக்காரர்.

"வாசப்படி தாண்டுற மனுஷனப் பாத்து வெறுமனே போன்னு சொல்ல நாக்கு வருமா? நல்லா இருக்கே!"

ஒரு மணி நேரத்தில் அதே டாக்சி திரும்பி வந்தது. மூன்றாம் அறைக்காரர் பெட்டியோடு இறங்கினார்.

"விமான நிலையம் வரைக்கும் போனேன். நீங்க வரச் சொன்னது ஞாபகம் வந்துச்சு," என்றார் கூச்சத்தோடு. "இத்தனை வருஷத்துல எந்த விடுதியிலயும் என்னை யாரும் திரும்பி வான்னு சொன்னதில்ல."

விடுதிக்காரர் சாமி படத்தைப் பார்த்தார். இத்தனை நாள் விளக்கேற்றியது இவர். சாமி கேட்டதோ பெண்டாட்டி பேச்சை. மனைவி அதற்குள் காபி போட உள்ளே போயிருந்தாள். கோபப்பட நினைத்தவருக்கு, எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. மூன்றாம் அறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

"அந்தப் பல்லி?" என்று கேட்டார் விருந்தாளி.

"அங்கயேதான் இருக்கு. நீங்க போனதுலேர்ந்து வாசலயே பாத்துக்கிட்டிருக்கு."