காலண்டர் லோடு

விருதுநகருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே மாதேசனின் வண்டிக்கு அடியில் தடால் என்று சத்தம் கேட்டது. அதன்பிறகு இரும்பு ரோட்டில் இழுபடும் சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தான். என்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட் முன்பக்க ஜாயிண்ட் உடைந்து தரையில் கிடந்தது. லோடு ஏற்ற வரும் வழியில், சேலம் தாண்டும்போதே அது முனகத்தான் செய்தது. ஊருக்குத் திரும்பிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. வண்டி முனகினால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் வேலிக்கருவை நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பான். இன்று முடியாது. விடியற்காலையில் அரூரிலிருந்து தம்பி கூப்பிட்டிருந்தான்.

"அப்பா ராத்திரி போயிட்டாருண்ணா. இந்த வெயில்ல வச்சிருக்க முடியாது. பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்துடணும்னு சொல்றாங்க. நீ வந்துடுவ இல்ல?"

மூத்தவன் மாதேசன். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். "வந்துடறேண்டா" என்று சொல்லிவிட்டான். பட்டாசு ஆலைகள் இருக்கிற விஸ்வநத்தத்தில் முந்தின சாயங்காலமே வண்டி நிறையப் பட்டாசு ஏற்றியாகிவிட்டது. அதை அநாதையாக விட்டுவிட்டு பஸ் ஏற யாருக்கு மனசு வரும்? பட்டாசையும் இழுத்துக்கொண்டுதான் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டான்.

எதிரிலேயே ஒரு ஒர்க்ஷாப் இருந்தது. அதன் முதலாளி ஸ்பேனரோடு உற்சாகமாகத்தான் வந்தார்.

"என்ன லோடு?"

"பட்டாசுங்க."

வந்த வேகத்திலேயே நின்றுவிட்டார். "லோட எறக்கிட்டுச் சொல்லுங்க, பாப்போம்."

"சின்ன வேலைதாங்க. எங்கப்பா செத்துட்டாரு, நான் போயாவணும்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா பட்டாசு வண்டிக்கு அடியில இங்கன எவனும் கை வைக்க மாட்டான். எங்க போனாலும் இதத்தான் சொல்லுவாக."

எங்கே இறக்குவது, யாரைக் கொண்டு இறக்குவது? தெரியாத ஊரில் குடிக்கத் தண்ணீர் கேட்பதே கூச்சம். எரு ஏற்றிப்போன டிராக்டர்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, தொங்கிய ஷாஃப்டைத் தூக்கிக் கட்டி, வண்டியை அடுத்த ஒர்க்ஷாப் வரை இழுத்து வந்து விட்டார். தகரக் கொட்டகை, அதை ஒட்டினாற்போல் வீடு. ஒர்க்ஷாப்காரன் பெயர் செல்லச்சாமி. அவனும் அதே கேள்வியைத்தான் கேட்டான்.

"என்ன லோடு?"

டிராக்டர் பின்னால் வரும்போதே மாதேசன் பதிலைத் தயார் செய்துவிட்டான். "காலண்டருங்க."

"அதான, ஆடி முடிஞ்சாச்சுல்ல. இனி காலண்டரு லோடாத்தான் போகும்."

இந்தப் பக்கத்தில் எடுபடக்கூடிய பொய் அது ஒன்றுதான். காலண்டரும் பட்டாசும் ஒரே சீசனில் கிளம்பும். அதே அட்டைப்பெட்டி, அதே தார்ப்பாய். செல்லச்சாமி சந்தேகப்படவில்லை. அப்பா செத்த செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த வேறு வேலையைப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

புது ஜாயிண்ட் அவனிடமே இருந்தது. வினை வந்தது நட்டுகளில். துருவேறி, அடிபட்டு நசுங்கி, எந்த ஸ்பேனருக்கும் மசியவில்லை. செல்லச்சாமி திட்டிப் பார்த்தான், சுத்தியலால் தட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தட்டுக்கும் மாதேசன் மேலே தார்ப்பாயைப் பார்த்தான்.

கடைசியில் செல்லச்சாமி வெளியே வந்து கையைத் துடைத்தான். "கேஸ பத்தவச்சு நெருப்பு காட்டுனாத்தான் கழலும். கவலப்படாதீக, உடனே முடிஞ்சிரும். ஏ செல்வி, ரெண்டு சாக்க நனைச்சுக் கொண்டா. காலண்டரு கருகிறப் போகுது."

அவன் மனைவி பாண்டிச்செல்வி நனைத்த சாக்குகளோடு வந்தாள். கேட்டது எல்லாம் காதில் விழுந்திருக்கும் போல. "ஒரு வா தண்ணி குடிங்கண்ணே. உங்க அய்யா மொகத்தப் பாத்துருவீக" என்றாள். செம்பை நீட்டிய கையில் நகக்கண் வரைக்கும் வெள்ளி நிறம் ஏறியிருந்தது.

"பட்டாசு வேலைங்களா?" என்று மாதேசன் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஆமாண்ணே, வெடிமருந்து கலக்குற ரூமு. இன்னைக்கு லீவு. வேலைக்குப் போற அன்னைக்கெல்லாம் நேரா இந்தக் கொட்டகைக்குள்ள வர மாட்டேன். கொல்லைப்பக்கம் ஒரு குழா இருக்கு. அங்கன சேலைய மாத்தி, தலைக்கு ஊத்திட்டுத்தான் இந்தப் பக்கம் வாரது. இவுக நெருப்பும் என் சேலையில இருக்க பொடியும் சேரவே கூடாதுல்ல. கல்யாணமான நாள்லருந்து இப்படித்தான்."

சொல்லிவிட்டு, சாக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புருஷனை ஒட்டி உட்கார்ந்தாள். செல்லச்சாமி கேஸைத் திறந்தான். உஸ்ஸென்று சத்தம் வந்தது.

மாதேசன் வானத்தைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். இத்தனை நாள் எத்தனை வண்டிக்கு அடியில் எத்தனை பேர் கேஸ் காட்டியிருப்பார்கள், என்ன ஆகிவிட்டது என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. ஒரு நட்டுதானே என்றது. அந்தக் குரல் அவனுடையதுதான். தேர்தலுக்கு வருகிறவர்கள் மாதிரி அது நன்றாகவே பேசியது. ஆனால் சேலையில் ஒட்டின பொடிக்கே பயந்து குளித்துவிட்டு வருகிறவள், ஒரு வண்டிப் பட்டாசுக்கு அடியில் ஈரச்சாக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, வேணாம்! பத்த வைக்காதீங்க! பட்டாசு! உள்ள இருக்கறது பட்டாசு!" என்று மாதேசன் கத்தினான்.

லைட்டரைப் பிடித்த கை அப்படியே நின்றது. செல்லச்சாமி முதலில் கேஸை மூடினான். பெண்டாட்டியின் கையைப் பிடித்துத் தரதரவென்று ரோட்டுக்கு இழுத்துப்போனான். அதன்பிறகு திரும்பி வந்து மாதேசனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"ஏலே, காலண்டரா? காலண்டராலே இது? எம் பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து ரெண்டு பேரையும் அள்ளியிருக்கணுமேலே!"

மாதேசன் சட்டையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். செல்லச்சாமி அடிக்கவில்லை, ரோட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

பாண்டிச்செல்விதான் பேசினாள். "உசுரு போயித் திரும்புன மாதிரிதான். சொல்லிட்டாருல்ல. லோட எறக்குவோம்."

தெருவுக்குள் போய்த் தன்னோடு பட்டாசு வேலைக்குப் போகிற நாலைந்து பெண்களைக் கூட்டி வந்தாள். எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். பெட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ஒருத்தியும் பெட்டியைத் தரையில் இழுக்கவில்லை, தொப்பென்று வைக்கவில்லை. தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல, தள்ளியிருந்த வேப்பமர நிழலில் அடுக்கினார்கள்.

எல்லாம் இறங்கி முடிந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. செல்லச்சாமி எழுந்து வந்தான். கோபம் இன்னும் போகவில்லை, ஆனாலும் கேட்டான். "பஸ்ல போறீகளா? லோட நாங்க பாத்துக்கிடுதோம்."

"மதுரை, சேலம், அப்புறம் அரூர். பஸ்ஸு மாறிப் போறதுக்குள்ள ராத்திரி ஆயிடுங்க."

வண்டியைச் சரிசெய்து திரும்ப ஏற்றி முடித்தாலும் அதே கதைதான். மாதேசன் ஓரமாகப் போய்த் தம்பிக்குப் போன் போட்டான்.

"என்னால முடியாதுடா. நேரத்துக்கு எடுத்துருங்க. நீயே கொள்ளி வச்சுடு."

"என்னண்ணா சொல்ற? ஏன்?"

"இங்க நெருப்பு பத்த வைக்கக் கூடாதுடா" என்றான். தம்பிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. விளக்கிச் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம், நட்டுகள் சிவந்து கழன்று, புது ஜாயிண்ட் பூட்டிக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. "முடிஞ்சுதுண்ணா" என்றான். மாதேசன் போனைப் பையில் போட்டுவிட்டு, போக இடமில்லாதவனாக நின்றான். காலையிலிருந்து அழ நேரம் கிடைக்கவில்லை. இப்போது நேரம் இருந்தது, அழுகை வரவில்லை.

பாண்டிச்செல்வி அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வேறொன்றும் கேட்காமல் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்த் தன் குழாயைக் காட்டினாள்.

"அய்யாவுக்குத் தலைக்கு ஊத்திக்கோங்கண்ணே."

சட்டையோடு குழாய்க்கு அடியில் குந்தினான். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தண்ணீர் சூடாக உச்சந்தலையில் விழுந்தது. அப்போதுதான் "அப்பா" என்று வாய்விட்டு அழுதான். கொட்டகையில் செல்லச்சாமி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அழுகை ஓயும் வரைக்கும் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தான்.